விதானையார் மறித்த வைபை

பிரியாவிடை நிகழ்வில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். சோற்றுப் பார்சல்கள் மேசையில் அடுக்கியிருந்தன. எல்லோருடைய கண்ணும் அங்கேதான் இருந்தது. "எல்லோருக்கும் நன்றி" என்று சொல்லி இறங்கிவிட்டேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று. அன்று சொல்லாமல் விட்டதில் ஒன்றை இப்போது எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் வயிறு நிறைந்திருக்கும் நேரம் பார்த்து வாசியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொலைபேசிக் கம்பத்தில் ஏறினேன். ஓய்வு பெறும் காலத்தில் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து ரவுட்டர் தேடினேன். இரண்டுக்கும் நடுவில் பதவி உயர்வுகள் கிடைத்தன. தொழில்நுட்பத்தை உங்களுக்குக் குளிரூட்டிய மண்டபத்தில் வைத்துப் படிப்பித்திருப்பார்கள். அங்கே திரையில் வீடு என்றால் ஒரு சதுரம். சதுரத்துக்குள் ஒரு ரவுட்டர், ஒரு கணினி, இரண்டையும் இணைக்கும் ஒரு கோடு. அதற்குள் மாமனாரும் மருமகனும் இருப்பார்கள் என்று யாரும் வரைந்து காட்டுவதில்லை. நான் சொல்லப்போவது அவர்களைப் பற்றித்தான்.

எனக்கு வேலை பழக்கியவர் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிப்பார். வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். அவருக்குச் சீனி வருத்தம் என்றே நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். "வருத்தம் ஒண்டுமில்ல. தண்ணி குடிக்கிறவன ஆரும் கவனிக்கிறதில்ல. அவங்க அவங்கட பாட்டில நடமாடுவாங்க. நீ பாத்துக்கொண்டிரு" என்றார். வேலைக்குக் கள்ளம் அடிக்க மனிதன் என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செங்கலடிச் சந்தியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. திரும்பத் திரும்ப முறைப்பாடு வந்த வீடு. முதலில் போனவர் ரவுட்டரை மாற்றிவிட்டு வந்தார். அடுத்தவர் கம்பத்திலிருந்து வரும் வயரையே மாற்றினார். இருவரும் "இப்போது நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மறுநாளே அந்த வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு. அதனால் என்னை அனுப்பினார்கள். நம்முடைய துறையில் மூத்தவர் என்றால், மற்றவர்கள் தோற்ற இடத்துக்குப் போய் மரியாதையாகத் தோற்றுவிட்டு வருகிறவர்.

வீட்டுக்காரி வினோதா. முப்பது வயது இருக்கும். கனடாவில் நடக்கும் நம்மவர் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. அங்கே மாப்பிள்ளை தாலி கட்டுவார், இங்கே வாவிக்கரை அறை ஒன்றில் இருந்து வினோதா அவரை மெதுவாகக் கட்ட வைப்பாள். அங்குள்ள ஸ்டூடியோவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கோப்புப் பகிரும் மென்பொருள். நடுவில் யாருடைய சேமிப்பிடமும் இல்லை. இவளுடைய கணினியிலிருந்து அவர்களுடைய கணினிக்கு நேராகப் போகும். பெரிய வீடியோவைத் துண்டு துண்டாக்கி அனுப்பும். போகும்போது இணைப்பு அறுந்தால், மறுபடி தொடங்குமுன் முதல் துண்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்க்கும். அது முடிவதற்குள் திரும்பவும் அறுந்தால், மறுபடியும் முதலிலிருந்து சரிபார்க்கும். அலுத்துக்கொள்ளவே தெரியாத மென்பொருள் அது.

"இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள இது போகவேணும் அண்ணா" என்றாள் வினோதா. "அவங்கட ரிசப்ஷன் ஹோல்ல பெரிய திரையில போடப் போறாங்க. போன வீடியோவும் பிந்திற்று. இதுவும் பிந்தினா வேலைய சென்னைக்குக் குடுத்திருவன் எண்டு ஸ்டூடியோக்காரர் சொல்லிற்றார். மென்பொருள்காரரக் கேட்டா உங்கட லைன் பிழை எண்டுறாங்க. உங்கட ஆக்களக் கேட்டா மென்பொருள் பிழை எண்டுறாங்க."

இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று காலை நான் கண்டது மென்பொருள் பக்கத்து உண்மையை மட்டும்தான்.

முன் மண்டபத்தில், ரவுட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். வினோதாவின் மடிக்கணினியை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன். வீட்டு இணைப்பில் உள்ளே வரும் பாதை அகலம், வெளியே போகும் பாதை ஒடுக்கம். அந்த மென்பொருளுக்கு யாரும் எல்லை வைக்காததால் அது வெளியே போகும் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து "வந்து சேர்ந்தது" என்று பதில் வந்தால்தானே அடுத்த துண்டு போகும். அந்தப் பதிலுக்கு இங்கிருந்து பதில் சொல்லவே இடமில்லாமல் எல்லாம் முட்டி நின்றது. அனுப்பும் வேகத்துக்கு முக்கால்வாசியில் ஒரு எல்லை வைத்தேன். ஒரே நேரத்தில் திறக்கும் தொடர்புகளையும் குறைத்தேன். வேகம் குறைக்கச் சொன்னதும் வேகமாகப் போகத் தொடங்கியது. வினோதா என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எனக்கும் அந்தப் பார்வை பிடித்திருந்தது.

பால் விடாத பிளேன்டி வந்தது. கொண்டுவந்தவர் வினோதாவின் தாய். பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர் தகப்பன், சாரத்தை மடித்துக் கட்டிய, நிமிர்ந்த உடம்பு. ஒரு காலத்தில் அந்தப் பகுதி வயல்களுக்கு வட்டைவிதானையாக இருந்தவர். அதாவது குளத்திலிருந்து வரும் தண்ணீரை யாருடைய வயலுக்கு எப்போது விடுவது, எப்போது மறிப்பது என்று முறை வைக்கிறவர். பதவி போய் வெகு காலமாகியும் ஊரில் அவர் விதானையார்தான். மண்டபத்து மூலையில் மருமகன் ரகு கையில் போனோடு உட்கார்ந்திருந்தான். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. சீசன் முடிந்ததால் கொஞ்ச நாளாக வீட்டில். என்னைப் பார்த்துத் தலையாட்டினான், பேசவில்லை.

வெளி மாவட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் கட்டுகிறவர் பெண்ணின் வீட்டுக்குப் போவார். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிக்கொள்வார்கள். கொடுத்தது கொடுத்ததுதான். ஆனாலும் கேற்றைப் பூட்டுவது, கிணற்று மோட்டரை நிறுத்துவது, யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று பார்ப்பது எல்லாம் தகப்பன் கையிலேயே இருக்கும். மருமகன் மரியாதையான ஆளாக இருந்தால் அதில் தலையிட மாட்டான். ரகு மிகவும் மரியாதையான ஆள்.

வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சந்தியில் ஒரு கடையில் வடையைக் கடித்த நேரம் போன் அடித்தது.

"அண்ணா, திரும்ப விழுந்திற்று."

நான் அங்கே இருந்தவரை ஒருமுறைகூட விழாத லைன். இதை நீங்களும் பார்ப்பீர்கள். நாம் இருக்கும்போது ஒழுங்காக இருந்து, நாம் ஒழுங்கை முனையைத் தாண்டியதும் பழுதாகும் இயந்திரங்கள் உண்டு. இயந்திரத்துக்கு நாம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தெரிந்தவர்கள் மனிதர்கள்தான். இந்த எளிய கணக்கு அன்று எனக்கு உடனே ஓடவில்லை. வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனேன்.

இந்தமுறை வினோதா என்னை மண்டபத்தில் இருக்க விடவில்லை. தான் வேலை செய்யும் உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள். அவளுடைய கண் சிவந்திருந்தது.

"அண்ணா, சொல்லக் கூடாதுதான். ஆனா எனக்கு வேற வழி தெரியல்ல. இவர் போன கிழம வாழைச்சேனைக்குத் தாய் வீட்ட போய் நிண்டவர். அவ்வளவு நாளும் ஒரு பிரச்சினையும் இல்ல. வந்தோடன திரும்பத் துவங்கிற்று."

"அது தற்செயலாவும் இருக்கலாம்."

"இல்லண்ணா. லைன் விழக்குள்ள திரும்பிப் பாத்தா இவர்தான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிற. ஒவ்வொருக்காவும். என்ன செய்தீங்க எண்டு கேட்டா ஒண்டுமில்ல எண்டுறார். அப்பாவும் சொல்றார், நாள் முழுக்கப் போனோட இருந்தா லைன் எப்பிடி நிக்கும் எண்டு. இந்த வேலை முடியும் வரைக்கும் அங்கயே போய் நில்லுங்க எண்டு காலையில சொல்லிற்றன்."

மண்டபத்துக் கதவோரம் ஒரு பயணப் பை இருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், முக்கால்வாசி நானும் நம்பினேன். சாட்சியம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆள் இருந்தால் பழுது, இல்லாவிட்டால் இல்லை. பழுதாகும் நேரமெல்லாம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனே நிற்கிறான். கேட்டால் வாய் திறக்கிறானில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும். ரவுட்டருக்குள் நுழைந்து அதன் சொந்தப் பக்கத்தைப் பார்த்தேன். லைன் அறுந்ததாக அங்கே எதுவும் இல்லை. பெட்டியே அணைந்து திரும்பவும் தொடங்கியிருக்கிறது. அது கண்விழித்து ஒரு பிளேன்டி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மின்சாரம் நின்றதா என்று கேட்டேன். "இல்லயே, ஃபேன் நிக்காம ஓடுதே" என்றாள். ஆக, யாரோ சுவிட்சைத் தட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் "உங்கள் கணவர்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். முறைப்பாடு தீர்ந்திருக்கும். ரகு வாழைச்சேனைக்குப் போயிருப்பான், லைனும் விழாமல் நின்றிருக்கும், என் கண்டுபிடிப்பு சரியென்று ஊரே சொல்லியிருக்கும். வீட்டார் ஏற்கெனவே நம்பியிருப்பதையே சாட்சியமும் சொன்னால், தம்பிமாரே, இன்னொருமுறை பாருங்கள். அவர்கள் பார்க்க விரும்பிய பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருப்பார்கள்.

அன்று என்னைக் காப்பாற்றியது புத்தியல்ல, வெக்கை. ஃபேன் காற்று என் பக்கம் வரவில்லை. கதிரையைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேட்டேன். தாய் செம்பில் கொண்டுவந்து தந்தார். குடித்துக்கொண்டிருந்தேன். அறை வாசலில் சீலை பாதி விலகியிருந்தது. வினோதா முதுகை மண்டபத்துக்குக் காட்டியபடி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பு போய்க்கொண்டிருந்தது.

பின் கதவால் விதானையார் உள்ளே வந்தார். மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகனை ஒரு பார்வை பார்த்தார். ரவுட்டரை ஒரு பார்வை பார்த்தார். நேராகப் போய்ச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டி அணைத்தார். எந்த அவசரமும் இல்லை, களவும் இல்லை. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அவர் முதுகு மறைந்ததும் ரகு எழுந்தான். அதே சுவிட்சைப் போட்டான். பெட்டியின் விளக்கு எரியும்வரை பக்கத்தில் நின்றான்.

"பாத்தீங்களா அண்ணா, விழுந்திற்று" என்று வினோதா திரும்பினாள். மண்டபத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் அவளுடைய கணவன் நின்றுகொண்டிருந்தான். "பாத்தீங்கதானே?"

"பார்த்தேன்" என்றேன். செம்பில் தண்ணீர் முடிந்திருந்தது. எனக்கு வேலை பழக்கியவரை மனதுக்குள் கும்பிட்டேன்.

வெளியே போய்க் கம்பத்தைப் பார்க்கவேண்டும், ஐயாவும் வந்தால் நல்லது என்று சொல்லி விதானையாரைத் தனியே கூப்பிட்டேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் வந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி, எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். ஒரு பெரிய மனிதரை அவர் வளவிலேயே வைத்துக் கையும் களவுமாகப் பிடிப்பது லேசான காரியமல்ல.

"ஐயா, அந்தப் பெட்டியின் சுவிட்சை நீங்க..."

"ஓம், நான்தான் மறிச்சனான்" என்றார். நான் தயங்கியது வீணாய்ப் போயிற்று. "மறிக்காம எப்பிடித் தம்பி? புள்ளைக்குப் பெரிசா ஒண்டு அனுப்ப இருக்கு. மருமகன் போனோட இருந்து இருந்து எல்லாத்தையும் உறிஞ்சிப்போட்டார் எண்டா அவளுக்கு என்ன மிஞ்சும்? அதான் கொஞ்ச நேரம் மறிச்சு விடுறது. தேங்கினாத்தானே மறுகா திறக்கக்குள்ள வேகமாப் பாயும்."

"இதை வீட்டில யாருக்காவது சொன்னீங்களா?"

"ஆரும் கேக்கல்லயே. மகள் இவரைத்தான் கேக்கிறாள். எனக்கு இதில என்ன தெரியும் எண்டு என்னை ஏன் கேக்கப்போறாள்?"

அவருக்கு இணையத்தை விளக்க நான் முயற்சி செய்யவில்லை. அணைத்தால் தேங்காது, ஒவ்வொருமுறையும் மகளின் வீடியோ முதல் துண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்று மட்டும் சொன்னேன். "வயல் பாதி நனைஞ்சிருக்கக்குள்ள மறிச்சிட்டு, திறக்கிற நேரமெல்லாம் முதல் வரம்பில இருந்து பாய்ச்சின மாதிரி, ஐயா" என்றேன். அவர் முகம் மாறிற்று. கம்பத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நானா என்ட புள்ளையிட வேலையக் கெடுத்த?"

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மகளுக்காகச் செய்தவர் அவர். மருமகனுக்கு முன்னால் இது வெளிவந்தால் பிறகு அந்த வளவில் எப்படி நடமாடுவார் என்று யோசித்தேன். வெளிவராவிட்டால் ரகு பையைத் தூக்கவேண்டும். பயிற்சி மண்டபத்தில் இதற்குப் பதில் இல்லை. தொழில்காரனுக்கு இருக்கும் ஒரே வழியை எடுத்தேன். "நான் பார்த்துக்கொள்கிறேன் ஐயா, நீங்க ஒண்டும் சொல்லவேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எல்லோரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இந்தப் பிளக் பொயின்ட் லூஸ். அதுதான் விட்டு விட்டு வந்திருக்கு. ரகு தம்பி மேல ஒரு பிழையும் இல்லை" என்றேன். நானே மெச்சிக்கொள்ளும்படியான பொய். குற்றவாளி ஒரு பிளாஸ்டிக் துண்டு, மனிதர் எல்லோருக்கும் விடுதலை. வினோதா மூச்சு விட்டாள். ரகு நிலத்தைப் பார்த்தான்.

பின் கதவில் நின்ற விதானையார் செருமினார்.

"பிளக்கில ஒரு பிழையும் இல்ல. நான்தான் மறிச்ச" என்றார். "நான் மறிச்ச வாய்க்கால மறிக்கல்ல எண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

என் அழகான பொய் அவ்வளவுதான். பல வருட அனுபவத்தில் நான் ஒருவரைக் காப்பாற்றப்போய், அவரே அதைக் கெடுத்தது அன்றைக்குத்தான்.

வினோதா தகப்பனையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நீங்க ஏன் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில..." என்று ரகுவிடம் தொடங்கி நிறுத்தினாள்.

"மாமா நிப்பாட்டிற்றுப் போவார். நான் போட்டு விடுவன்" என்றான் ரகு. அவன் அன்று பேசிய முதல் வார்த்தைகள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"மாமா செய்றத நான் எப்பிடி உங்கள்ட்டச் சொல்ற?"

"நான் உங்களப் போகச் சொன்னனே. அப்பவும் வாய் திறக்கல்ல."

விதானையாருக்கோ வேறொன்று உறைத்திருந்தது. "நான் மறிச்சத எனக்குத் தெரியாமத் திறந்ததா?" என்றார். அவர் கடமையில் இருந்த காலம் முழுவதும் மறித்த மதகை மறைவில் திறந்தவர்களைப் பிடித்துச் சபையில் நிறுத்தியவர். தன் வளவுக்குள்ளேயே ஒருவன் நாள்தோறும் அதைச் செய்திருக்கிறான். கொஞ்ச நேரம் எனக்குப் பயமாகவே இருந்தது. உள்ளே கணினியில் வினோதாவின் கோப்பு மறுபடியும் முதலிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தது. பின்னேரத்துக்கு இன்னும் நேரமிருந்தது, ஆனால் அதிகம் இல்லை.

"ஐயா," என்றேன், "இவர் உறிஞ்சுகிறார் என்றுதானே மறிச்சீங்க. அதைப் பார்ப்போம்." ரவுட்டரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். வினோதாவின் கணினி இருந்தது. அவள் போன் இருந்தது. ரகுவின் போன் இல்லை.

"நான் இந்த வீட்டு வைபை பாவிக்கிறதில்ல" என்றான் ரகு. "லைன் விழுறதுக்கு நான்தான் காரணம் எண்டு கதை வந்த நேரமே விட்டிட்டன். என்ட சிம்மில டேட்டா போட்டுத்தான் பாக்கிற. அடுத்த சீசனுக்கு எங்கயாவது வேலை இருக்கா எண்டு தேடிக்கொண்டிருக்கிறன்."

தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். ஒரு சொட்டும் குடிக்காதவனுக்காக அந்த மனிதர் வாய்க்காலை மறித்துக்கொண்டிருந்திருக்கிறார். மறிக்கிறவரைக் காட்டிக்கொடுக்காமல் அவன் திறந்துகொண்டிருந்திருக்கிறான். இரண்டு மரியாதைசாலிகளுக்கு நடுவில் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. நம் அலுவலகம் அதற்கு ஒரு ரவுட்டரும் ஒரு வயரும் செலவழித்திருந்தது.

விதானையார் நடந்து போய்க் கதவோரத்துப் பயணப் பையைத் தூக்கினார். எங்கே போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு மருமகனுக்கு முன்னால் நின்றார்.

"வளவுக்குள்ள வாய்க்கால் ஓடக்குள்ள வெளியில காசுக்குத் தண்ணி வாங்குறதா, மருமகன்?" என்றார். மகளிடம் திரும்பினார். "புள்ள, அந்த வைபை பாஸ்வேர்ட் நம்பர இவருக்குக் குடு."

"இப்ப வேணாம் மாமா. அவவிட வேலை முடியட்டும்" என்றான் ரகு.

"நீங்க எடுக்கலாமா ஒண்ணாதா எண்டு இந்தத் தம்பி சொல்லட்டும்" என்று என்னைக் காட்டினார்.

அனுப்பும் பக்கத்துக்கு நான் காலையில் எல்லை வைத்திருந்தேன் என்பதை அவருக்குச் சொன்னேன். மதகு முக்கால் திறப்பில் நிற்கிறது, அதற்கு மேல் போகாது, ஒருவருடைய பங்கை இன்னொருவர் எடுக்கமுடியாது, சுவிட்சைத் தொடாதவரை எல்லோருக்கும் வரும் என்றேன். முதல்முறையாக அன்று அவர் என்னை மதிப்போடு பார்த்தார். "அத முதல் வந்த ஆக்கள் வச்சிருந்தா நான் ஏன் இவ்வளவு மினக்கெடப்போறன்" என்றார். எனக்கு முன் வந்த இருவர் சார்பிலும் தலையாட்டினேன்.

இனி அங்கே எனக்கு வேலை இல்லை. ஆனாலும் கிளம்பவில்லை. கோப்பு சரிபார்ப்பை முடித்து நகரத் தொடங்கியது. ரகு மனைவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தான். அவள் தன் கதிரையைக் கொஞ்சம் ஒதுக்கினாள். விதானையார் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சுவிட்சுக்கும் உலகத்துக்கும் நடுவில் காவலுக்கு இருந்தார். பூனை ஒன்று அந்தப் பக்கம் வந்தது. அதையும் துரத்தினார். அதற்குப் பிறகுதான் நான் நம்பிக்கையோடு எழுந்தேன்.

அலுவலகத்தில் பழுதின் காரணம் என்ன என்று எழுதவேண்டும். கொடுக்கப்பட்ட காரணங்களை மேலிருந்து கீழே பார்த்தேன். வயர், ரவுட்டர், மென்பொருள், மின்சாரம். "மரியாதை" இல்லை. மின்சாரம் என்று எழுதினேன். சுவிட்ச் அணைந்தது உண்மைதானே.

எழுதி முடித்த நேரம் போன் அடித்தது. அந்த வீட்டு நம்பர். மூன்றாவது தடவையும் போகவேண்டுமா என்று பையைக் கையில் எடுத்துக்கொண்டேதான் பேசினேன்.

"தம்பி, நான் வினோதாட அப்பா."

"சொல்லுங்க ஐயா. விழுந்திற்றா?"

"இல்ல இல்ல. போய்ச் சேந்திற்று. கனடாக்காரனும் கிடைச்சிற்று எண்டு சொல்லிற்றான்." கொஞ்சம் தயங்கினார். பின்னால் வினோதாவும் ரகுவும் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் அதுக்கு முன்னால இருந்து எழும்புறாங்க இல்ல தம்பி. காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடல்ல. சோறு ஆறிப்போகுது. கூப்பிட்டா இந்தா வாறம், இந்தா வாறம் எண்டுறாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யவேணும் ஐயா?"

"ஒண்டுமில்ல. உங்களக் கேக்காமச் செய்யக் கூடாது எண்டுதான்" என்றார். "இனி மறிக்கலாமா?"

என் பணிக்காலத்தில் ஒரு ரவுட்டரை அணைக்குமுன் என்னிடம் அனுமதி கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

"மறியுங்க ஐயா" என்றேன்.

சுவிட்ச் தட்டும் சத்தம் போனிலேயே கேட்டது.